துணைக்கால்

ஜனவரி 3, வெள்ளி

வனத்துறையிலிருந்து அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. வெள்ளிமடை ஏரி, சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டர், நான்கு பேர், ஜனவரி 25 சனிக்கிழமை. காலை ஒன்பதுக்கு உள்ளே, மாலை ஐந்துக்கு வெளியே. கீழே ‘மிதமான கடினம்’ என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருஷம் சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் குலுங்கிக்கொண்டே ஊர் ஊராகப் போன ரயில்வே கார்டுக்கு இவர்கள் கடினம் சொல்லித் தருகிறார்கள்.

கோமளத்துக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே நின்று தோசையைக் கருகவிட்டாள். கல்யாணமான வருஷம் நான் கொடுத்த வாக்கு இது. காட்டுக்குள் ஓர் ஏரி இருக்கிறது, சுற்றிவர நடக்கலாம், கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். பிறகு எனக்கு டூட்டி, அவளுக்குப் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தே அவளும் ரிட்டையர் ஆகிவிட்டாள்.

“இந்த முழங்கால் இன்னும் ஒரு வருசம் தாங்கும்ங்க. அதுக்குள்ள ஒரு தடவை என் கால்லயே சுத்தி வந்துடணும்” என்றாள். செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன மனுஷன்.

நான்கு பேர் யார் யார் என்றால், நான், கோமளம், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் இளவேனில், என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் ஞானதுரை. அவன் முன்னால், நான் கடைசியில். அதுதான் எங்களுக்குப் பழக்கம்.

ஜனவரி 5, ஞாயிறு

இளவேனில் போனில் ஒரு நிபந்தனை போட்டாள்.

“அப்பா, காது டெஸ்ட் எடுங்க. டாக்டர் சரின்னு சொன்னாத்தான் நான் வருவேன். அம்மாவையும் விட மாட்டேன்.”

தீபாவளிக்கு வந்திருந்தபோது பின்னால் வந்த பைக்குக்கு நான் ஒதுங்கவில்லையாம். அந்தப் பயல் ஹாரன் அடித்தால்தானே ஒதுங்குவதற்கு? டி.வி.யை அலறவிடுகிறேனாம். சீரியல்காரர்கள் எல்லாம் இப்போது வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், நான் என்ன செய்வது. வாசல் பெல்லும் ரிப்பேர். பேட்டரி மாற்றியும் அடிக்கக் காணோம்.

பெற்ற மகள் எனக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்கிறாள். சாயங்காலம் வரை கோபம் தணியவில்லை.

ஜனவரி 8, புதன்

காது டாக்டரிடம் போனேன். ஒரே கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பெயரைக் கூப்பிடவே இல்லை. எழுந்துபோய் விசாரித்தால் அந்த நர்ஸ் பெண், “மூணு தடவை கூப்பிட்டோமே சார், பரமகுரு, பரமகுருன்னு” என்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். டோக்கனை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில், எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்று சொன்னேன். இது பொய்யில் சேராது. சரியாக இல்லை என்று எந்த டாக்டரும் சொல்லவில்லையே.

இளவேனில் சந்தோஷப்பட்டாள். லீவு போட்டுவிட்டாளாம்.

ஜனவரி 11, சனி

ஏரிப் பகுதிக்கு வாச்சர் ஒருவர் இருக்கிறார், பெயர் வெள்ளையன். கடிதத்தில் அவர் நம்பர் இருந்தது. காலையிலிருந்து ஆறு தடவை அடித்து ஒரு வழியாகப் பிடித்தேன். மலையில் சிக்னல் ஒரு இழவும் இல்லை. அவரும் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டுத்தான் மீதியைப் பேசுகிறார். பேப்பரை வைத்துக்கொண்டு சொன்னதைச் சொன்னபடியே குறித்தேன். கார்டு புத்தி அப்படி.

வழி: கேட்டிலிருந்து மேற்குக் கரை, வடக்கே மரப்பாலம், பிறகு கிழக்குக் கரை, மதகு, திரும்பவும் கேட். காட்டுமாடு எதிர்ப்பட்டால் அசையாமல் நிற்க வேண்டும். அட்டைக்கு உப்பு.

“நான் கூட வரட்டா சார்? இந்த வருசம் புதுசா…” என்று ஏதோ இழுத்தார். வேண்டாம் என்றேன். வண்டியையே வழிநடத்தியவனுக்கு வழிகாட்டி எதற்கு?

கடைசியாக அவர் சொன்னது: “கெழக்குக் கரைல நாலு மணிக்கு மேல நிக்காதீங்க. ஆனா வரலாம்.”

நிற்கக் கூடாதாம், ஆனா வரலாமாம். எல்லா ஆபீஸிலும் இதே கதைதான். முதலில் கூடாது என்பார்கள், அப்புறம் தணிந்து வரலாம் என்பார்கள். சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கும்போது நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கோமளம் வந்து தோளைத் தொட்டு, “பொங்கிருச்சுங்க, வாங்க” என்றாள். இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டால் ஆகாதா? இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் இவளுக்கு வந்து தொட வேண்டும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எதற்கு இந்த நடை?

மத்தியானம் மலைக்கு எடுத்துப்போகும் சாமான்களின் பட்டியல் எழுதினேன். டீச்சரம்மா உடனே சிவப்புப் பேனாவோடு வந்துவிட்டாள்.

“பல் ரெண்டு பாக்கெட்டா? யார் பல்லுங்க?”

பால் என்பதில் துணைக்காலை விட்டுவிட்டேன். ‘ப’வுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கால் போட்டு, பத்துக்கு ஒன்பது என்று மார்க்கும் போட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. நல்ல நாள்.

ஜனவரி 17, வெள்ளி

காட்டில் போன் வேலை செய்யாது. அதனால் விசில். முன்னால் போகிற ஞானதுரை ஒரு நீண்ட விசில் கொடுத்தால் எல்லாரும் நிற்க வேண்டும். இரண்டு சின்ன விசில் என்றால் போகலாம். கடைசியில் வரும் நான் பதில் விசில் கொடுப்பேன்.

ரயில்வே கிரவுண்டில் பரீட்சை பார்த்தோம். அவன் அந்தக் கோடிக்குப் போனான். நான் காத்திருந்தேன், காத்திருந்தேன், அவன் பாட்டுக்கு நிற்கிறான். கையை ஆட்டிக் கூப்பிட்டேன்.

“ஏண்டா ஊதல?”

“மூணு தடவ ஊதிட்டேன் கார்டு.”

“உன் விசில்ல காத்துதான் வருது. உள்ள இருக்கிற குண்டு போயிருக்கும்.”

அவன் விசிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “குரு, டாக்டர் நெசமாவே சரின்னாரா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறு விசில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். சிநேகிதன் என்றால் ஒரு தடவை கேட்டால் போதும், இரண்டாவது தடவை கேட்கக் கூடாது. அவன் கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

டைம் டேபிள் தயார். கேட் 9.00. மேற்குக் கரைப் பாறை 10.15, பத்து நிமிஷம் நிற்கும். மரப்பாலம் 12.30, சாப்பாடு. கிழக்குக் கரை 2.30. மதகு 3.45. கேட் 4.30. நான்கு பிரதி எடுத்துவிட்டேன்.

கோமளம் இன்று கம்பு ஊன்றி ஆறு கிலோமீட்டர் நடந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இளவேனில் போனில், “யானை இருக்குமாப்பா?” என்று கேட்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் நன்றாகப் புரிந்தது. வாச்சரிடம் பதினைந்து நிமிஷம் பேசியிருக்கிறேன், யானை என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, குறித்து வைத்த தாளே இருக்கிறது என்று சொன்னேன்.

“நீங்க சொன்னா சரிப்பா” என்றாள்.

ஜனவரி 23, வியாழன்

மூட்டை கட்டியாகிவிட்டது. புளியோதரை நாளை மாலை. கோமளத்துக்குச் சுடிதாரும் புது ஷூவும் இளவேனில் அனுப்பியிருக்கிறாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வெட்கம்.

இரண்டு நாளாக மனசு சரியில்லை. காரணம் ஒன்றுமில்லை.

ஜனவரி 25, சனி, காலை

மலையில் லாட்ஜ். நல்ல குளிர். எல்லாரும் தயார். சரியாக எட்டே காலுக்குக் கிளம்புகிறோம்.

ஜனவரி 26, ஞாயிறு

கோமளம் ஆஸ்பத்திரியில். என்னால் எழுத முடியவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நோட்டில் இதுவரை எழுதியதெல்லாம் எனக்குச் சாதகமாக எழுதியது. இதையாவது நடந்தபடி எழுத வேண்டும்.

கேட்டில் வெள்ளையன் இல்லை. தீத்தடுப்பு வேலைக்கு வேறு பக்கம் போயிருந்தார். வேறொரு வாச்சர் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “நாலுக்குள்ள கெழக்குக் கரையத் தாண்டிருங்க சார்” என்றார். “வெள்ளையன்கிட்ட எல்லாம் பேசியாச்சு” என்றேன். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை.

ஏரி அழகாகத்தான் இருந்தது. கோமளம் ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்த்தாள். நிற்கட்டும் என்று விட்டேன். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வந்தவளை டைம் டேபிள் காட்டி விரட்டவா முடியும்? மரப்பாலம் தாண்டும்போதே ஒன்றரை மணி நேரம் லேட். கிழக்குக் கரைக்கு நாங்கள் வந்து சேர்ந்தது மூன்று ஐம்பதுக்கு.

அங்கே ஒரு புல்வெளி, தண்ணீர் வரை சரிந்து இறங்குகிறது. கோமளம் நிற்காமல் போய்விடலாம் என்றாள். ஞானதுரையும் வாட்சைப் பார்த்தான். நான்தான் ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். “உட்காருங்க. நாலுக்கு மேல நிக்கக் கூடாதும்பாங்க, ஆனா வரலாம்னு வாச்சரே சொல்லிட்டார்.” இந்த வார்த்தையை நான் சொன்னதும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் சொன்னதை நம்பி உட்கார்ந்தார்கள்.

நாலு இருபதுக்குக் கிளம்பினோம். ஞானதுரை முதலில், பிறகு இளவேனில், பிறகு கோமளம். நான் டம்ளர்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பின்தங்கினேன். அவர்கள் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டார்கள். ஒரு டம்ளர் காற்றில் தண்ணீர்ப் பக்கம் உருண்டது. குனிந்து எடுத்தேன். எல்லாம் அமைதியாக இருந்தது. எவ்வளவு அமைதியான இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு அது அமைதியாக இல்லை. எனக்கு நேர் மேலே, சரிவில், மூங்கில் முறிந்துகொண்டிருந்தது. வளைவிலிருந்து அவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒரு பெண் யானை, காலுக்கடியில் குட்டி. புல்வெளி வழியாகத்தான் அது தண்ணீருக்கு இறங்க வேண்டும். புல்வெளியில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஞானதுரை நீண்ட விசில் கொடுத்தான். நான் சொல்லி அவன் வாங்கிவந்த புது விசில். எனக்குக் கேட்கவில்லை. இரண்டாவது விசிலுக்கு யானை நின்று காதை விரித்ததாம். அதற்கு மேல் ஊத அவனுக்குத் துணிச்சல் இல்லை. இளவேனில் கத்தப் போனாள், அவள் வாயைப் பொத்தினான். யார் என்ன செய்வது என்று அவர்கள் யோசிப்பதற்குள் கோமளம் கம்பை மெல்லக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாளாம். கம்பு கல்லில் தட்டிச் சத்தம் வரும் என்பதற்காக.

என் தோளில் கை பட்டது. எப்போதும் போல. “என்ன இப்போ?” என்று எரிச்சலோடு திரும்பினேன். நான் சத்தமாகவே கேட்டிருக்கிறேன். அவள் உதட்டில் விரலை வைத்து மேலே காட்டினாள்.

பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனைக் குழாய் வரை இருக்கும், அவ்வளவுதான் தூரம்.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரை ஓரமாக நகர்ந்தாள். தண்ணீர் ஓரத்துப் பாறைகளுக்குப் பின்னால் போக வேண்டும். முதல் பாறை பாசி. அவள் கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டி, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துப்பட்டாவை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்தபடி குந்தினேன். கணுக்காலுக்கு மேலே கால் இருக்க வேண்டிய மாதிரி இல்லை.

யானை இறங்கியது. குட்டி தண்ணீரைத் தெளித்து விளையாடியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வாட்சைப் பார்க்காமல் நான் இருந்த நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அவை மேலேறிப் போன பிறகு ஞானதுரை மதகுப் பக்கம் ஓடி வாச்சர்களைக் கூட்டிவந்தான். போர்வையில் கம்பு கட்டித் தூக்கிப் போனார்கள். பாக்கியிருந்தது ஒன்றரை கிலோமீட்டர். அவள் தன் காலில் சுற்றிவர ஆசைப்பட்ட ஏரி.

நேற்று அவளிடம், “நீ ஒரு சத்தம்கூடப் போடலையே கோமு, அப்படித் தாங்கிக்கிட்டியே” என்றேன்.

“முனகிட்டேதானே இருந்தேன்” என்றாள். “உங்க காதுகிட்டத்தான்.”

ஜனவரி 30, வியாழன்

காலில் தகடு வைத்துவிட்டார்கள். மூன்று மாதம் ஊன்றக் கூடாது. முழங்காலைப் பற்றி இனிமேல் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். மறுபடியும் மலையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இளவேனிலிடம் வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டேன். டெஸ்ட் எடுக்கவில்லை, டோக்கனை வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. “உங்களுக்குக் காது சரியில்லன்னு அம்மாவுக்கு முன்னாடியே தெரியும்ப்பா” என்றாள். “அம்மாதான் என்னை டெஸ்ட் கேக்கச் சொன்னாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சோம்.”

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பிப்ரவரி 6, வியாழன்

டெஸ்ட் எடுத்தேன். இந்தத் தடவை நர்ஸ் மேஜைக்குப் பக்கத்திலேயே, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் ரிப்பேர் போல என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு காதும். எஞ்சின் சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வருவதுதானாம். மெல்லிய கீச்சுச் சத்தம், விசில் மாதிரியானவைதான் முதலில் போகுமாம். ஒரு கார்டுக்கு அதுவா முதலில் போக வேண்டும்!

காதில் மெஷின் மாட்டினார்கள். வெளியே வந்ததும் என் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசல் பெல்லை நானே அடித்துப் பார்த்தேன். அது ரிப்பேரே இல்லை.

பிறகு வெள்ளையனைக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன். நான் ஆரம்பிக்கும் முன்னாலேயே அவர், “அம்மா எப்டி இருக்காங்க சார்? நானும் கேள்விப்பட்டு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல” என்றார். “அன்னைக்கே சொன்னேனே சார். கெழக்குக் கரைல நாலு மணிக்கு மேல நிக்காதீங்க, ஆன வரலாம்னு. இந்த வருசம் புதுசா வருது, குட்டியோட வருதுன்னு. நீங்க சரி சரின்னீங்களே.”

ஆன வரலாம். யானை வரலாம்.

போனை வைத்த பிறகும் மெஷினுக்குள் அந்தச் சொல் தெளிவாக நின்றுகொண்டிருந்தது. அவர் எதையும் விழுங்கவில்லை. சிக்னலும் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 15, சனி

கோமளம் வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். சமையல் நான். சாம்பாரில் உப்பு இல்லை என்கிறாள், மறுநாள் அதிகம் என்கிறாள். கொத்தமல்லி நறுக்கும்போது கத்தி பலகையில் படுகிற சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று காலை இந்த நோட்டை அவள் கையில் கொடுத்தேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். டோக்கன் பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். பொங்கல் பக்கத்தில் சிரித்தாள். ஜனவரி 11 வந்ததும் ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

“ஒரு தடவை வேணும்கிற எடத்துல காலை விட்டீங்க. இன்னொரு தடவை வேண்டாத எடத்துல போட்டுட்டீங்க” என்றாள். பிறகு, “என் சிவப்புப் பேனா எங்கங்க?” என்று கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு எழுத்தின் துணைக்காலை மட்டும் அடித்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள். வாசித்தேன். மார்க் எதுவும் போடவில்லை.

“எத்தனை நாளா உனக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருசம் இருக்கும். கூப்பிட்டா நீங்க திரும்ப மாட்டீங்க. நாலு பேர் முன்னால உங்களுக்கு அவமானமா இருக்கும்னு வந்து தொட்டுக்குவேன்.”

அந்த முழங்காலோடு இரண்டு வருஷம் வீடு முழுக்க நடந்திருக்கிறாள். நான் எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டேன். அவள் முன்னால் அழ எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்த மூன்று மாதம் முடிகிற வரை அவளால் எழுந்து வந்து என் தோளைத் தொட முடியாது. கூப்பிட்டால்தான் உண்டு.

பால் காய்ந்துகொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து, சத்தமாக அல்ல, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி, “என்னங்க” என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். “என்ன கோமு, வலிக்குதா?”

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்.”